ரிசல்ட் அன்னைக்கு அடிக்கிற மணி

ஆத்துமேடு வர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும் தம்பி. ரோடு அப்பிடி. நீங்க டிக்கெட் கேட்டப்பவே காதுல விழுந்துச்சு, நானும் அங்கதான் இறங்கணும். இந்தக் கவரை மடியில வச்சுக்கிறேன், கசங்கிரப்படாது. உள்ள ஒரு ஃபாரம் இருக்கு. பத்தாவதுல ஃபெயிலான ஒரு பிள்ளைக்கு. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்தப் பிள்ளை எங்க ஸ்கூலுக்கு வந்து கையெழுத்துப் போட்டு, அங்கயே போட்டோ எடுத்தாத்தான் மறுபரீட்சை எழுத முடியும். அஞ்சு மணியோட கம்ப்யூட்டர்ல மூடிருவாய்ங்களாம். விட்டா திங்கக்கெழமை நூல் மில்லு வேன் வந்து பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போயிரும். மூணு வருஷம் வேலை பாக்கணும்னு எழுதி வாங்கிக்கிருவாய்ங்க. அதான், கூட்டிட்டு வரலாம்னு போறேன்.

எந்த ஸ்கூலா? கருக்காம்பட்டி கவர்மெண்ட் ஹைஸ்கூல். இப்பத் தாண்டுனோமே, மஞ்சப் பெயின்ட் அடிச்ச காம்பவுண்டு, வாசல்ல ஒரு வேப்பமரம். அங்க முப்பத்தி நாலு வருஷம் பியூனா இருந்தேன். இப்பல்லாம் அலுவலக உதவியாளர்னு சொல்லணும், ரிட்டயர் ஆனப்ப குடுத்த வாழ்த்து மடல்ல அப்பிடித்தான் போட்டிருந்தாங்க. பேரு சீலமுத்து. பேரைச் சொன்னா இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. மணி அடிக்கிறவருன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்.

நம்ம ஸ்கூலுக்கு ஒரு வழக்கம் இருக்கு தம்பி, வேற எந்த ஸ்கூலுலயும் கிடையாது. ரிசல்ட் வர்ற அன்னைக்கு, எத்தனை பேரு பாஸோ அத்தனை தடவை மணி அடிக்கணும். அறுபத்தி ஆறுல ஹைஸ்கூல் ஆச்சு. மொதல் செட்டுல ஒம்பது பேரு எழுதுனாய்ங்க. தேவசகாயம்னு ஒரு ஹெட்மாஸ்டர், சாயல்குடிப் பக்கத்து ஆளு. பதினோரு மணி பஸ்ல பேப்பர் வந்துச்சு. நம்பரைப் பாத்தா ஏழு பேரு பாஸ். சொல்றதுக்கு ஆள் வேணும்ல, ஊருல ஒருத்தரும் இல்லை, எல்லாரும் கடலைக்காட்டுல களை வெட்டப் போயிட்டாக. அவரு பாத்தாரு. அப்ப பியூனா இருந்தவரு சுப்பையா. சுப்பையா, போயி ஏழு தடவை அடி, நிறுத்தி நிறுத்தி அடி, காட்டுல இருக்கிறவுக எண்ணிக்கிரட்டும்னு சொன்னாரு. அப்பிடி ஆரம்பிச்சதுதான்.

மணின்னா கோயில் மணி மாதிரி இல்லை, தண்டவாளத் துண்டு. ரயில்வேயில வேலை பாத்த ஒருத்தர் கொண்டாந்து வேப்பமரத்துல தொங்கவிட்டது. கம்பியால ஒண்ணு போட்டா ரெண்டு மைலுக்குக் கேக்கும். ரிசல்ட் அன்னைக்கு வேற எதுக்கும் அந்த மணியைத் தொடப்படாது. பிரேயருக்குக் கிடையாது, பீரியடுக்குக் கிடையாது. காலையில பத்தாவது எழுதுன பிள்ளைகளே வந்து மாவிலை கட்டி விடும். அப்புறம் ஹெட்மாஸ்டர் வந்து என் காதுல நம்பரை மட்டும் சொல்லுவாரு. பேரைச் சொல்ல மாட்டாரு, அதுவும் வழக்கம். நான் அடிக்கணும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல ஒரு மூச்சு விடணும். காட்டுல களைவெட்டி அப்பிடியே நிக்கும். பொம்பளைக சேலை முந்தியில முடிச்சுப் போட்டு எண்ணுவாக. எல்லாம் அடிச்சு முடிச்சப்பறம்தான் லிஸ்ட் ஒட்டுறது.

சுப்பையா அண்ணனுக்கு அப்பறம் நான். எண்பத்தி மூணுல வந்தேன். அடிச்சுட்டுச் சும்மா கம்பியை வச்சுட்டு வர்றது எனக்குச் சப்புன்னு இருந்துச்சு தம்பி. எண்பத்தி அஞ்சுன்னு நினைக்கிறேன், இருபத்தி நாலு பேரு எழுதி இருபத்தி ஒண்ணு பாஸ். அடிச்சு முடிச்சேன். கூட்டம் கப்சிப்னு நிக்குது. மூணு குறையுதுன்னு எல்லாருக்கும் தெரியுது, யாருன்னு தெரியலை. நான் கம்பியைத் தோள்ல வச்சுக்கிட்டு, சாயங்காலம் மாடு எண்ணுற மாதிரி கையை நெத்திக்கு மேல வச்சு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தேன். பாத்துட்டு, "மூணு உருப்படி குறையுதே, எந்த வீட்டுக் கொட்டத்துல கட்டிக் கிடக்கு? அவுத்துட்டு வாங்கப்பா"ன்னேன். சும்மா வாயில வந்துச்சு. சிரிச்சாய்ங்க பாருங்க. ஹெட்மாஸ்டரே கர்ச்சீப்பை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சாரு.

மறு வருஷம் அடிச்சு முடிச்சதும் எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாய்ங்க. சொல்லாம விட முடியுமா? சொன்னேன். அதுக்கு அடுத்த வருஷம் நான் சொன்னதும் சின்னப் பயலுக எல்லாம் ம்மான்னு மாடு மாதிரி கத்துனாய்ங்க. அப்பறம் அதுவும் சேந்துருச்சு. மாவிலை, மணி, நான் சொல்றது, ம்மான்னு கத்துறது, லிஸ்ட் ஒட்டுறது. இப்பிடித்தான் வழக்கம்ங்கிறது வருது. யாரும் உக்காந்து யோசிச்சு வைக்கிறதில்லை.

கோவப்படவெல்லாம் மாட்டாக. தமாசுன்னு எல்லாருக்கும் தெரியும். பால்ச்சாமி மகன் ஒருத்தன் மட்டும் மூணு நாள் வீட்டுக்கே போகாம கெணத்துமேட்டுல படுத்துக் கிடந்தான். அப்பறம் கேரளாவுக்குப் போயிட்டான், ஏலத்தோட்டத்துக்கு. நல்லா இருக்கான்னு கேள்வி. ஊருப்பக்கம் வர்றதில்லை. வேலை அப்பிடி.

கண்டக்டர் தம்பி, மூணு மணிக்கு இந்த வண்டிதானே திரும்பும்? சரி சரி. இந்த வண்டிதான் தம்பி, மலை அடிவாரம் வரைக்கும் போயிட்டு, அங்க நின்னுட்டு, மூணு மணிக்கு ஆத்துமேட்டுக்குத் திரும்பும். அதுல பிள்ளையை ஏத்திட்டா நாலு மணிக்கெல்லாம் ஸ்கூல். அதை விட்டா ஆறு மணி பஸ்தான், அது பிரயோசனப்படாது.

எனக்கும் ஒரு மக இருக்கா. நாகஜோதி. அவளும் அங்கதான் படிச்சா. ரெண்டாயிரத்தி ஒண்ணுல பத்தாவது எழுதுனா. நல்லாப் படிக்கிற பிள்ளை. அரைப் பரீட்சையில நானூத்தி பதினாலு. அந்த வருஷம் முப்பத்தெட்டு பேரு எழுதுனாய்ங்க. அப்ப ஜெகதீசன் சார் ஹெட்மாஸ்டர். டவுனுக்குப் போயி கம்ப்யூட்டர் கடையில எடுத்துட்டு வந்தாரு. மரத்தடிக்கு வந்து என் காதுல முப்பத்தி ஏழுன்னாரு. சொல்லிட்டுப் போகாம அங்கனயே நின்னாரு. "சீலமுத்து, இன்னைக்கு அடிச்சுட்டுப் பேசாம வந்துரு"ன்னாரு. எனக்கு ஒண்ணும் ஓடலை. ஒருத்தனால நூத்துக்கு நூறு போச்சேன்னு மனுசன் வருத்தத்துல இருக்காரு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

அடிச்சேன். அன்னைக்கு நல்லா அடிச்சேன் தம்பி. மக எழுதுன வருஷம்ல. நாகஜோதி தண்ணித்தொட்டிகிட்ட கூட்டாளிப் பிள்ளைகளோட நிக்கிறா, நீலத் தாவணி போட்டிருந்தா. முப்பத்தி ஏழும் முடிஞ்சுச்சு. கூட்டம் என்னையப் பாக்குது. ஹெட்மாஸ்டர் சொன்னது ஞாபகம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா எல்லாரும் பாக்குறாய்ங்களே. கையை நெத்திக்கு மேல வச்சேன். தண்ணித்தொட்டிப் பக்கம் பாத்துச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். "ஒரு உருப்படி குறையுதே, எந்த வீட்டுக் கொட்டத்துல கட்டிக் கிடக்கு?" பயலுக ம்மான்னாய்ங்க. நாகஜோதியும் சிரிச்சா. அவளுக்கும் அப்பத் தெரியாதுல்ல.

அப்பறம் லிஸ்ட் ஒட்டுனாக. அவளுக்கு அறிவியல்ல முப்பத்தி ரெண்டு. மத்ததுல எல்லாம் எழுபதுக்கு மேல. ரெண்டு பயலுக மட்டும் மெதுவா ம்மான்னாய்ங்க, அதை யாரோ அதட்டுனாக. நான் கம்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அதை எங்க வைக்கிறதுன்னு தெரியலை. நாகஜோதி என் பக்கம் பாக்காமத் தாண்டிப் போயி, கேட்டுக்கு வெளியில போனா. அழுகலை. அழுதிருந்தா நான் கிட்டப் போயிருப்பேன்.

வீட்டுல வந்தும் அழுகலை. சோறு போட்டாத் தின்னா. நான் இருக்கிற இடத்துல இருக்க மாட்டா, அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல அக்டோபர் பரீட்சைக்குக் கட்டணும்னு ஜெகதீசன் சாரு சொல்லி விட்டாரு. ஸ்கூலுக்கு வந்து கையெழுத்துப் போடணும். நான் வந்து சொன்னேன். "அந்தக் கேட்டுக்குள்ள நான் வர மாட்டேன்"னா. "ஒரு கையெழுத்துத்தானே, கழுதை, வந்து போட்டுட்டுப் போ"ன்னேன். வரலை. ஹெட்மாஸ்டரே ஃபாரத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. அவரு தெருவுல வர்றதைப் பாத்துட்டுக் கொல்லை வழியாப் போயிட்டா. பொழுது இறங்குறவரைக்கும் அவரு உக்காந்திருந்தாரு. போறப்ப என்கிட்ட, "நீ ஒரு வார்த்தை சொல்லலாம்ல சீலமுத்து"ன்னாரு. நான் தினமும் சொல்லிக்கிட்டுத்தான் சார் இருக்கேன், அவதான் கேக்க மாட்டேங்கிறான்னேன். அவரு ஃபாரத்தை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

ஆகஸ்ட்டுல மில்லு வேன் வந்துச்சு. போயிட்டா. அவ அத்தை மக ஒருத்தி அங்க இருந்தா, அவ இழுத்துருப்பா. நம்ம பிள்ளைகளுக்குப் படிப்புல ஒரு சலிப்பு வந்துருது தம்பி. அறிவியல் டீச்சரும் சரியில்லை அந்த வருஷம்.

என்னாது? மன்னிப்பா? அப்பன் மககிட்ட மன்னிப்புக் கேக்குறதெல்லாம் எங்க பக்கம் கிடையாது தம்பி. என்னான்னு கேக்குறது? நான் அவளைச் சொல்லலையே. யாருன்னே தெரியாமப் பொதுவாச் சொன்னதுதானே. வருஷா வருஷம் சொல்றதுதானே.

அடுத்த வருஷமா? சொன்னேன். ஏன் கேக்குறீங்க? சொல்லாம விட்டா ஊருல என்ன பேசுவாய்ங்க? அடுத்தவன் பிள்ளைன்னா மாடுங்கிறான், தன் மக ஃபெயிலானதும் வாயை மூடிக்கிட்டான்னு பேச மாட்டாய்ங்களா? ஞாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். அந்த வருஷம் நாலு குறைஞ்சுச்சு. சொன்னேன்.

நாகஜோதி நல்லா இருக்கா. கல்யாணம் ஆகிப் பல்லடத்துப் பக்கம் இருக்கா. மாப்பிள்ளை தறி ஓட்டுறாரு. ரெண்டு பிள்ளைக. அவ அம்மாகிட்ட வாரம் ஒருதடவை போன் பேசுவா. போன் வந்தா என் வீட்டுக்காரி எந்திரிச்சு மாட்டுக்கொட்டத்துக்குப் போயிருவா. அங்கதான் சிக்னல் கிடைக்குதுங்கிறா. என்கிட்ட பேச நேரம் இருக்காது, ரெண்டு பிள்ளைக, வேலை. மூத்த பேத்தி போன வருஷம் பத்தாவது எழுதுனாளாம். எத்தனை மார்க்குன்னு கேட்டேன். பாஸ்னா என் வீட்டுக்காரி. எத்தனைடின்னேன். பாஸ்னு சொன்னேன்ல, சோத்தைத் தின்னுங்கன்னா.

நான் ரிட்டயர் ஆனப்பறம் மணி நின்னு போச்சு. அதுக்கு முன்னாடியே எல்லார் செல்லுலயும் ரிசல்ட் வர ஆரம்பிச்சிருச்சு, நான் அடிக்கிறதுக்குள்ள அவனவன் பாத்துருவான். இந்த வருஷம் ஸ்கூலுக்கு அறுபது வருஷம். பழைய மாணவருன்னு ஒரு சங்கம் வச்சிருக்காய்ங்க, வாட்ஸப்புல. சென்னையில ஒருத்தன், பெங்களூருல ஒருத்தன், துபாயில ஒருத்தன். வைர விழா வருஷம்ணே, ரிசல்ட் அன்னைக்கு நீங்க வந்து மணி அடிக்கணும்னு வீட்டுக்கே வந்து கேட்டாய்ங்க. வேட்டி துண்டு வேற வாங்கிட்டு வந்தாய்ங்க. சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, ரொம்ப சந்தோசமா இருந்துச்சு.

போன வெள்ளிக்கிழமை. இருபத்தி ஒம்பது பேரு எழுதுனது. ஹெச்.எம். ரெஜினா டீச்சர், அந்தம்மா வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, அவங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் பழைய மாணவருக சொல்லித்தான் தெரியும். மணி அடிப்பாங்கன்னு சொல்லிருக்காய்ங்க. மிச்சத்தைச் சொல்லலை போல. வந்து இருபத்தெட்டுன்னாங்க. அடிச்சேன். எண்ணிக்கை தப்பலை. அடிச்சு முடிச்சுக் கம்பியைக் கீழ வைக்கத்தான் போனேன் தம்பி, சத்தியமா. கூட்டத்துல ஒருத்தன், "அண்ணே, சொல்லுங்கண்ணே, அதைக் கேக்கத்தாண்ணே வந்தோம்"னான். எல்லாரும் செல்லைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாய்ங்க. நாப்பது வயசு, அம்பது வயசு ஆளுக.

கையி தானா நெத்திக்குப் போயிருச்சு. சொல்லிட்டேன்.

எல்லாரும் ம்மான்னாய்ங்க. பெரிய பெரிய ஆளுக, பேன்ட் சட்டை போட்டவுக. கத்தி முடிக்கவும் ஹெச்.எம். அம்மாவைப் பாத்தேன். அவங்க என்னையப் பாக்கலை. வேற ஒரு பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அங்க ஒரு பிள்ளை நிக்கிது, கூட இருந்த பிள்ளையோட கையைப் பிடிச்சுக்கிட்டு. அவுக வீட்டு போன் நம்பரு செத்துப் போச்சாம், மெசேஜ் வரலை, அதான் நேர்ல தெரிஞ்சுக்கிரலாம்னு பஸ் ஏறி வந்திருக்கு. ஹெச்.எம். அம்மா பாக்குறதை வச்சே அந்தப் பிள்ளைக்கு விளங்கிருச்சு. கூட இருந்த பிள்ளையோட கையை விட்டுட்டுக் கேட்டைப் பாக்க நடந்துச்சு. ஓடலை. நடந்துதான் போச்சு.

அந்த வீடியோவை அன்னைக்கே குரூப்புல போட்டுட்டாய்ங்க. நாப்பது வருஷம் கழிச்சும் அதே குரல்னு எழுதி. ஊர் ஊராப் போயிருச்சு. ஆத்துமேட்டுக்கும் போயிருக்கும்ல. போயிருக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில என் செல்லு அடிச்சுச்சு. பாத்தா நாகஜோதி. என் நம்பருக்கு அவ பேசி எத்தனை வருஷம் ஆகுதுன்னு எனக்கே தெரியாது. என்னமோ ஏதோன்னு எடுத்தேன். "அப்பா"ன்னா. என்னம்மான்னேன். "அந்தப் பிள்ளை பேரு என்னப்பா?"ன்னா. எந்தப் பிள்ளைன்னேன். "வீடியோவுல நீங்க சொன்னீங்கல்ல, அந்தப் பிள்ளை"ன்னா. தெரியலையேம்மான்னேன். போனை வச்சுட்டா.

எனக்குத் தெரியலை தம்பி. தெரியாதுதானே. பேரு சொல்றது வழக்கம் இல்லையே. போயி விசாரிச்சேன். கோபிகா. ஆத்துமேட்டுல முத்தாலம்மன் கோயிலுக்குப் பின்னாடி வீடு. அப்பன் கெணறு வெட்டுற ஆளு, அம்மா நூறுநாள் வேலைக்குப் போகுது. கணக்குல ஃபெயில். விசாரிச்சுட்டு நாகஜோதிக்குப் போட்டேன். பேரு கோபிகாம்மான்னு சொல்லலாம்னு. எடுக்கலை. மறுபடியும் போட்டேன். எடுக்கலை. வீட்டுக்காரிகிட்ட, அவ பேசுனா இந்தப் பேரைச் சொல்லுன்னேன். அவ ராகி களி கிண்டிக்கிட்டு இருந்தா, திரும்பாமயே, "பேரை வச்சு என்ன செய்யப் போறீங்க"ன்னா.

ரெஜினா டீச்சர் ரெண்டு தடவை ஆத்துமேட்டுக்குப் போயிட்டு வந்துட்டாங்க. பிள்ளை வெளிய வரலை. அம்மாக்காரிதான், மில்லுக்குச் சொல்லிட்டோம் டீச்சர், அவ அந்த ஸ்கூலு வாசப்படியை மிதிக்க மாட்டேங்கிறான்னு சொல்லிருக்கு. ஒரே ஒரு பேப்பரு தம்பி. எழுதுனா பாஸாயிரும்னு கணக்கு வாத்தியாரே சொல்றாரு. நேத்து என்னையக் கூப்பிட்டு விட்டாங்க. ஃபாரத்தைக் குடுத்தாங்க. குடுத்துட்டு, "ஃபாரம் யாரு வேணா குடுக்கலாங்கய்யா. நீங்க அந்தப் பொண்ணுகிட்ட பேசணும்"னாங்க. என்னா பேசணும்னு கேட்டேன். "அது உங்களுக்குத் தெரியும்"னாங்க. ஸ்டாஃப் எல்லாம் ட்ரெயினிங் போயிட்டாங்க போல, ஆள் இல்லை, அதான் என்னைய அனுப்புறாங்கன்னு நினைச்சேன்.

நேத்துலேர்ந்து யோசிக்கிறேன். என்னா பேசுறது? பாப்பா, நான் உன்னையச் சொல்லலை, யாருன்னு தெரியாமப் பொதுவாத்தான் சொன்னேன்னு சொல்லலாம்னு வச்சிருந்தேன். பஸ் ஏறுறவரைக்கும் அதான். இப்ப உங்ககிட்ட சொல்லிக்கிட்டு வர்றப்ப, அது சரியா வரலை. யாருன்னு தெரிஞ்சு ஒருத்தரைக்கூடச் சொன்னதில்லை தம்பி நான். அத்தனை பேரையும் தெரியாமத்தான் சொன்னேன்.

எத்தனை பேரா? அது எண்ணலை. பாஸானது ஆயிரத்து நூத்தி சொச்சம், அது ஒரு நோட்டுல வருஷவாரியா எழுதி வச்சிருக்கேன், விழா மலர்ல போடக் குடுத்திருக்கேன். மிச்சத்தை எழுதலை. அதை யாரு எழுதுவா?

இதுதான் ஆத்துமேட்டு வளைவு. அந்தா தண்ணி டேங்க் தெரியுதுல்ல, அதான் ஸ்டாப்பு. நீங்க இங்க எதுக்கு வந்தீங்கன்னு நான் கேக்கவே இல்லை பாருங்க. கரண்ட் ரீடிங் எடுக்கவா? அப்ப வீட்டுக்கு வீடு போவீங்க.

நீங்க முன்னாடி இறங்குங்க தம்பி. நான் இந்தா வர்றேன்.

அந்த டேங்க் நிழல்ல ஒரு பிள்ளை குடத்தை வச்சுக்கிட்டு நிக்கிதே, பச்சைச் சுடிதாரு. அதுதான். வீடியோவுல திரும்பத் திரும்பப் பாத்தேன், எனக்கு அடையாளம் தெரியும். பஸ்ஸை நிமிந்து பாக்குது. இந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. வேணாம், இருக்கட்டும், நான் இந்தப் பக்கம் சாஞ்சுக்கிறேன்.

இல்லை தம்பி, நான் இறங்கலை. என்னையப் பாத்தா அந்தப் பிள்ளை குடத்தைப் போட்டுட்டுக் கொல்லைக்காட்டுப் பக்கம் போயிரும். அப்பறம் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வர நேரம் இருக்காது. எனக்குத் தெரியும், என் வீட்டுலயே ஒருதடவை பாத்துட்டேன். கண்டக்டர் தம்பி, எனக்கு அடிவாரம் ஒரு டிக்கெட் போட்டுக்குங்க.

இந்தாங்க, இதைப் பிடிங்க. ஃபாரம் உள்ள இருக்கு, எல்லாம் எழுதியிருக்கு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேரு கோபிகா. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. ஹெச்.எம். அம்மா குடுத்து விட்டாங்கன்னு சொல்லுங்க, மணி அடிக்கிறவருன்னு சொல்லிராதீங்க. மூணு மணிக்கு இதே வண்டி திரும்பி வரும், ஏறச் சொல்லுங்க. நான் அடிவாரத்துலயே உக்காந்துட்டு ஆறு மணி வண்டிக்குத்தான் வருவேன். இந்தப் பஸ்லயும் இருக்க மாட்டேன், ஸ்கூல் வாசல்லயும் இருக்க மாட்டேன். அதை மட்டும் விளக்கமாச் சொல்லிருங்க தம்பி. வண்டி எடுக்கப் போறாய்ங்க, இறங்குங்க.